இணங்கவைக்கும் இயந்திரம் யாருக்காகப் பேசுகிறது?

1974ஆம் ஆண்டு மாடலாக வெளிவந்த அமெரிக்கக் கார்கள், சீட் பெல்ட் மாட்டாவிட்டால் கிளம்ப மறுத்தன. முன்சீட்டில் இருப்பவர்கள் பெல்ட்டை மாட்டினால்தான் எஞ்சின் இயங்கும்படி அரசு விதி வகுத்திருந்தது. அதற்கு முந்தைய சில ஆண்டுகளாக அந்நாட்டில் சாலை விபத்துகளில் ஆண்டுக்கு 50,000 பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்தார்கள். பெல்ட் உயிர் காக்கும் என்பதில் பொறியாளர்களுக்கு ஐயமே இல்லை. ஆனாலும் மக்கள் கொதித்தெழுந்தார்கள். பக்கத்து இருக்கையில் மளிகைப் பையை வைத்தால்கூட அதை ஓர் ஆளாக எண்ணிக்கொண்டு கார் அடம்பிடித்தது. ஒயரைத் துண்டித்துக்கொண்டவர்கள் பலர். கடைசியில் அமெரிக்க நாடாளுமன்றமே சட்டம் இயற்றியது. 1974 அக்டோபர் 27 அன்று அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்திட, அந்தப் பூட்டைக் கட்டாயமாக்கும் விதி ஒழிந்தது. எச்சரிக்கை ஒலி 8 விநாடிக்கு மேல் நீள வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தவும் கூடாது என்றது அதே சட்டம்.

கால் நூற்றாண்டு கழித்து ஃபோர்டு கார் நிறுவனம் வேறு வழியில் முயன்றது. பெல்ட் மாட்டாவிட்டாலும் கார் ஓடும். ஆனால் சில நிமிடங்களுக்கு விட்டுவிட்டு மணி ஒலித்துக்கொண்டே இருக்கும். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் சாலைப் பாதுகாப்பு ஆய்வகம் 2002இல் வெளியிட்ட ஆய்வில், இந்த மணி இல்லாத கார்களில் 71 சதவீத ஓட்டுநர்கள் பெல்ட் அணிந்திருந்தார்கள். மணி உள்ள கார்களில் 76 சதவீதம். ஐந்து புள்ளிதான் வித்தியாசம். ஆனால் பெல்ட் அணியாதவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் மனம் மாறியிருக்கிறார் என்று அதைப் படித்தால், ஒரு சின்ன ஒலிக்கு அது பெரிய சாதனை.

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் புதிய கார்கள் அனைத்திலும் பெல்ட் நினைவூட்டியும், 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ஒலிக்கும் எச்சரிக்கையும் கட்டாயம். கூடவே அந்த மணியின் வாயை அடைக்க ஒரு சின்ன உலோகக் கிளிப்பும் சந்தைக்கு வந்தது. அதைப் பெல்ட் பூட்டுக்குள் செருகிவிட்டால் பெல்ட் மாட்டியிருப்பதாகக் கார் நம்பிவிடும். 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய வணிகத் தளங்களுக்கு இதை விற்கக்கூடாதென உத்தரவிட்டது. அப்போது நீக்கப்பட்ட விற்பனைப் பதிவுகள் 13,118. தன் உயிரைக் காக்கச் சொல்லும் ஒலியை நிறுத்த மனிதர்கள் காசு கொடுக்கிறார்கள் என்பதை அறியாமை என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. கட்டளை யாரிடமிருந்து வருகிறது, எதற்காக வருகிறது என்பதை மனிதர்கள் எப்போதும் எடைபோடுகிறார்கள். கணினி வழியாக மனித நடத்தையை மாற்ற நினைப்பவர்கள் முதலில் எதிர்கொள்ள வேண்டிய உண்மை இது.

கணினி வழியே நடத்தையை மாற்றுவதை ஒரு தனி ஆய்வுத் துறையாக நிறுவியவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பி.ஜே. ஃபாக். 1998இல் அங்கே இணங்கவைக்கும் தொழில்நுட்பத்துக்கென ஓர் ஆய்வகம் தொடங்கினார். 2003இல் அதே பொருளில் நூலொன்றும் எழுதினார். கட்டாயப்படுத்தாமல், ஏமாற்றாமல், மனிதரின் மனப்பான்மையையோ நடத்தையையோ அல்லது இரண்டையுமோ மாற்றும் நோக்கத்தோடு வடிவமைக்கப்பட்ட கணினிப் பொருளையே அவர் இந்த வகையில் சேர்க்கிறார். நோக்கம் என்பது இங்கே முக்கியம். தொலைக்காட்சி வந்ததால் திண்ணைப் பேச்சு குறைந்தது என்றால் அது பக்கவிளைவு; எவரும் அப்படித் திட்டமிடவில்லை. திட்டமிட்டே ஒருவரை ஒரு திசையில் நகர்த்தும்போது, நகர்த்துபவர் பொறுப்பேற்க வேண்டியவர் ஆகிறார். அந்த நூலிலேயே ஒழுக்கவியலுக்கென ஓர் அத்தியாயம் உண்டு. துறையின் மீது பிற்காலத்தில் பழி விழுந்தபோது பலர் அதை மறந்துவிட்டார்கள்.

2009இல் ஃபாக் முன்வைத்த மாதிரி மிக எளிமையானது. ஒருவர் ஒரு செயலைச் செய்ய மூன்று கூறுகள் ஒரே கணத்தில் கூடிவர வேண்டும்: செய்யும் ஆசை, செய்யக்கூடிய எளிமை, செய் என்று சொல்லும் தூண்டல். ஆசையை வளர்ப்பது கடினம், செயலை எளிதாக்குவது சுலபம் என்பது இதிலிருந்து வடிவமைப்பாளர்கள் எடுத்துக்கொண்ட பாடம். அந்தப் பாடம் சரியானதே. அதில்தான் ஆபத்தும் இருக்கிறது. ஆசை குறைவாக இருக்கும் செயலைக்கூட ஒரே தட்டலில் முடிவதாக ஆக்கிவிட்டால், நிறையப் பேர் நிறைய முறை செய்வார்கள். 2007இல் ஃபாக் நடத்திய ஒரு வகுப்பில் மாணவர்கள் ஃபேஸ்புக்குக்கான செயலிகளை உருவாக்கினார்கள். பத்தே வாரத்தில் அவற்றுக்கு 1.6 கோடிப் பயனர்கள் சேர்ந்தார்கள். நண்பருக்கு ஒரு முத்தமோ அணைப்போ அனுப்புவது போன்ற அற்பமான செயலிகள்தாம் அவற்றில் ஓடின. மாணவர்கள் அன்றாடம் பார்த்தது பயனர் எண்ணிக்கையை. அந்த 1.6 கோடிப் பேருக்கு அதனால் என்ன கிடைத்தது என்பதை அந்த எண்ணிக்கை சொல்லவில்லை.

எதை அளக்கிறோம் என்பதில் வரும் பிசகு எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு ஒரு பொம்மையின் கதையைச் சொல்ல வேண்டும். 1990களில் அமெரிக்காவில் ஒரு கைக்குழந்தைப் பொம்மை விற்பனைக்கு வந்தது. உள்ளே சிறு கணினி. நினைத்த நேரத்தில் அழும், நள்ளிரவிலும் அழும். தூக்கிச் சமாதானப்படுத்த வேண்டும். கவனிக்காமல் விட்டாலும் முரட்டுத்தனமாகக் கையாண்டாலும் கணினி குறித்துவைத்துக்கொள்ளும். பதின்வயதுச் சிறுமிகளிடம் இதைச் சில நாள் கொடுத்துவிட்டால், பிள்ளை வளர்ப்பு எவ்வளவு பாடு என்று உணர்ந்து, இளவயதுக் கருத்தரிப்பைத் தவிர்ப்பார்கள் என்பது எதிர்பார்ப்பு. அனுபவத்தைக் கணினியால் போலச்செய்து மனப்பான்மையை மாற்றுவதற்கு நல்ல எடுத்துக்காட்டாக ஃபாக்கும் தம் நூலில் இதை விவரித்தார். பள்ளிகள் ஆர்வத்தோடு வாங்கின.

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இதைச் சீராகச் சோதித்தார்கள். 57 பள்ளிகள், 13 முதல் 15 வயதுவரையான 2,834 சிறுமிகள். சில பள்ளிகளில் பொம்மைத் திட்டம், மற்றவற்றில் வழக்கமான சுகாதாரப் பாடம். பள்ளிகள் எந்தப் பக்கம் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்து, சிறுமிகளுக்கு 20 வயதாகும்வரை மருத்துவப் பதிவுகளைப் பின்தொடர்ந்தார்கள். 2016 ஆகஸ்டில் லான்செட் இதழில் முடிவு வந்தது. பொம்மையைப் பெற்ற பிரிவில் 8 சதவீதத்தினர் 20 வயதுக்குள் குழந்தை பெற்றிருந்தார்கள். பொம்மை பெறாத பிரிவில் 4 சதவீதத்தினர்தாம். கருக்கலைப்பும் முதல் பிரிவில் 9 சதவீதம், மற்றதில் 6 சதவீதம். தடுக்க வந்த கருவி தடுக்கவில்லை. பொம்மை பெற்றவர்களிடையே கருத்தரிப்பு கூடுதலாகவே இருந்தது.

ஏன் என்பதற்கு அந்த ஆய்வால் உறுதியான பதில் தர முடியவில்லை. குழந்தையைக் கையில் ஏந்திய சிறுமியைச் சுற்றி வீட்டாரும் தோழியரும் கூடியிருப்பார்கள், அந்தக் கவனிப்பு அவளுக்கு இதமாக இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். எனக்கு இதில் பெரிதாகப் படுவது வேறு. பொம்மை தன்னளவில் துல்லியமாக வேலை செய்தது: அழுகையை எண்ணியது, அலட்சியத்தை எண்ணியது, அறிக்கை கொடுத்தது. அந்தச் சிறுமியின் வீடு எப்படிப்பட்டது, அவளை நேசிப்பவர் யார், அவளுக்கு வேறென்ன எதிர்காலம் கண்ணில் தெரிகிறது என்பதெல்லாம் அதன் கணக்கில் இல்லை. நடத்தையை முடிவுசெய்தவை அவையாக இருக்கக்கூடும். நல்லெண்ணம் கொண்ட ஒரு திட்டம், முறையான சோதனை வரும்வரை பல்லாண்டு காலம் பள்ளிகளில் ஓடியது.

இனி, வெற்றிபெற்ற சோதனை ஒன்று. கலிஃபோர்னியாவின் சான் மார்கோஸ் என்ற ஊரில் 290 வீடுகளின் கதவுகளில் ஆய்வாளர்கள் அட்டைகளைத் தொங்கவிட்டார்கள். உங்கள் வீடு இவ்வளவு மின்சாரம் செலவழித்தது, அக்கம்பக்கத்தின் சராசரி இவ்வளவு என்று அட்டை சொன்னது. 2007இல் வெளியான முடிவுப்படி, சராசரியைவிட அதிகம் செலவழித்தவர்கள் குறைத்துக்கொண்டார்கள். ஆனால் சிக்கனமாக இருந்தவர்கள், நாம் மட்டும் ஏன் இவ்வளவு கட்டுப்பாடாக இருக்கிறோம் என்று நினைத்தாற்போலச் செலவைக் கூட்டிவிட்டார்கள். அவர்களின் அட்டையில் ஒரு சிரித்த முகத்தை வரைந்து கொடுத்ததும் அந்தப் பின்னடைவு மறைந்தது. ஒரு வட்டம், இரண்டு புள்ளி, ஒரு வளைகோடு. அண்டைவீட்டாரின் சராசரி என்ற எண்ணால் செய்ய முடியாததை, நீ செய்வது நல்லது என்ற சிறு அங்கீகாரம் செய்தது.

இதையே அடிப்படையாகக் கொண்டு ஓபவர் என்ற நிறுவனம் மின்கட்டணம் செலுத்துவோருக்கு ஒப்பீட்டு அறிக்கைகளை அனுப்பத் தொடங்கியது. ஏறக்குறைய 6,00,000 வீடுகளை உள்ளடக்கிய சோதனைகளைத் தொகுத்த ஹன்ட் ஆல்காட் 2011இல் கண்டது சராசரியாக 2 சதவீதக் குறைவு. சிறிய எண்ணிக்கைதான், ஆனாலும் அது உண்மையான சேமிப்பு.

சான் மார்கோஸ் ஆய்வாளர்களே 2008இல் வெளியிட்ட இன்னொரு கண்டுபிடிப்பு என்னை அதிகம் உறுத்துகிறது. கலிஃபோர்னியாவாசிகளிடம், மின்சாரத்தை ஏன் சேமிக்கிறீர்கள் என்று கேட்டபோது, சுற்றுச்சூழலுக்காக, வருங்காலச் சமூகத்துக்காக, பணத்துக்காக என்றார்கள். அக்கம்பக்கத்தார் சேமிக்கிறார்கள் என்பதற்காக என்ற காரணத்துக்குத்தான் கடைசி இடம் கொடுத்தார்கள். உண்மையில் அவர்களது நடத்தையோடு மிக நெருக்கமாகப் பொருந்தியது அதுவே. நம்மை எது நகர்த்துகிறது என்று நமக்கே தெரிவதில்லை. அப்படியானால், ஒருவர் தெரிந்து சம்மதித்தார் என்று ஒரு நிறுவனம் சொல்லும்போது அந்தச் சம்மதத்துக்கு எவ்வளவு மதிப்பு? இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகும் எந்த ஒழுக்கவியலும் எனக்குப் போதுமானதாகப் படவில்லை.

2010 நவம்பர் 2, அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தல் நாள். அன்று ஃபேஸ்புக்கைத் திறந்த ஏறக்குறைய 6.1 கோடிப் பேர், தங்களுக்குத் தெரியாமலேயே ஒரு சோதனையில் இருந்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு, இன்று தேர்தல் நாள் என்ற அறிவிப்போடு, வாக்களித்துவிட்டதாகத் தெரிவித்திருந்த நண்பர்களின் முகங்கள் காட்டப்பட்டன. சுமார் 6,00,000 பேருக்கு அறிவிப்பு மட்டும், முகங்கள் இல்லை. இன்னும் அதே அளவினருக்கு எதுவும் காட்டப்படவில்லை. பிறகு பொது வாக்காளர் பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2012இல் நேச்சர் இதழில் வந்த முடிவு: வெறும் அறிவிப்பைப் பார்த்தவர்களுக்கும் எதையுமே பார்க்காதவர்களுக்கும் வாக்களிப்பில் வேறுபாடு இல்லை. நண்பர்களின் முகத்தைப் பார்த்தவர்கள் 0.39 சதவீதப் புள்ளி கூடுதலாக வாக்களித்தார்கள். நேரடியாக சுமார் 60,000 வாக்குகள், நண்பர்கள் வழியே பரவியதில் மேலும் 2,80,000 வாக்குகள் கூடின என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

வாக்களிப்பு கூடுவது நல்லதுதான். ஆனால் எந்தக் கட்சியின் ஆதரவாளர்களுக்கு மட்டும் அந்த முகங்களைக் காட்டலாம் என்று ஒரு நிறுவனம் முடிவெடுத்தால் என்னாகும் என்று ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் ஜோனதன் ஸிட்ரெய்ன் 2014இல் கேட்டார். பார்ப்பவருக்குத் தெரிந்திருக்க வழியே இல்லை. என் நண்பன் வாக்களித்திருக்கிறான், நானும் போகிறேன் என்று மட்டும் நினைப்பார். திரையில் இருந்தது ஃபேஸ்புக்கின் செய்தி. நகர்த்தியது நண்பனின் முகம். தேர்தல் நாள் அறிவிப்பிலும் கதவு அட்டையிலும் இயந்திரத்துக்கென்று சொந்த வலிமை அதிகம் இருக்கவில்லை. மனிதர்கள் ஒருவர்மேல் ஒருவர் வைத்திருக்கும் மதிப்பிலிருந்து அது கடன் வாங்குகிறது. கடனை யார் பெயரில் வாங்குகிறது, யாருக்காகச் செலவழிக்கிறது என்பதில்தான் நல்ல வடிவமைப்பும் கெட்ட வடிவமைப்பும் பிரிகின்றன.

இந்தப் பிரிவை மிகத் தெளிவாகப் பார்க்கும் இடம் ஒன்று சென்னையில் இருக்கிறது. சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது, 1956இல் காசநோய் மருந்து சிகிச்சை மையமாகத் தொடங்கப்பட்டது. அங்கே 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு சானடோரியத்திலும் மறுபிரிவினருக்கு அவரவர் வீட்டிலுமாக ஓராண்டு சிகிச்சை அளித்தார்கள். நெரிசலான வீடு, போதாத சாப்பாடு. ஆனாலும் வீட்டிலிருந்தவர்கள் சானடோரியத்திலிருந்தவர்களுக்கு ஏறக்குறைய இணையாகக் குணமடைந்தார்கள். 1959இல் வந்த இந்த முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றியது.

மாற்றிய கையோடு ஒரு புதிய பிரச்சினையையும் கொண்டுவந்தது. சளியும் காய்ச்சலும் அடங்கியதும், மாதக்கணக்கில் மாத்திரை விழுங்க எவருக்குத்தான் மனம் வரும்? மையத்தை வழிநடத்திய வாலஸ் ஃபாக்ஸ், நோயாளி தானே மருந்து உட்கொள்வதில் உள்ள சிக்கலைப் பற்றி 1958இலேயே விரிவாக எழுதினார். மையத்தினர் சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். 1964இல், வாரம் இருமுறை நேரில் வரவழைத்துக் கண்முன்னே மருந்து கொடுக்கும் முறையும் பலன் தரும் என்று சென்னை ஆய்வு காட்டியது. பின்னாளில் உலக சுகாதார நிறுவனம் பரப்பிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கு முன்னோடிகளில் அது ஒன்று. அது குணப்படுத்தியது; ஆனால் கூலிவேலைக்காரருக்குப் பாதிநாள் சம்பளம் போகும், தெருவுக்கே நோய் தெரிந்துபோகும்.

பெங்களூரின் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் பில் தீஸ் உள்ளிட்டோர் உருவாக்கிய 99டாட்ஸ் என்ற முறை இந்த இடத்துக்குத்தான் வந்தது. மாத்திரை அட்டையின் மேல் ஒரு காகித உறை. மாத்திரையை அழுத்தி வெளியே எடுத்தால்தான் உள்ளே மறைந்திருக்கும் தொலைபேசி எண் தெரியும். அந்த எண்ணுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் போதும், காசு செலவில்லை. அடுத்த எண் என்னவென்று முன்கூட்டி ஊகிக்க முடியாது. அழைப்பு வராவிட்டால் சுகாதாரப் பணியாளர் தன் திரையில் பார்த்துவிட்டு விசாரிப்பார். ஸ்மார்ட்போன் வேண்டாம், இணையம் வேண்டாம். நம் மக்கள் ஏற்கெனவே நன்கறிந்த மிஸ்டு கால் பழக்கத்தின் மேலேயே கட்டப்பட்ட வடிவமைப்பு. ஃபாக் சொன்ன எளிமை என்ற கூறுக்கு இதைவிடச் சிறந்த விளக்கத்தை நான் அறியேன்.

என்றாலும், சென்னை, மும்பை உள்ளிட்ட இடங்களில் நோயாளிகளின் சிறுநீரில் மருந்தின் தடயத்தைச் சோதித்து, மிஸ்டு கால் பதிவோடு ஒப்பிட்டு 2020இல் வெளிவந்த ஆய்வு, அந்தப் பதிவின் துல்லியம் போதாது என்றது. மாத்திரையை விழுங்கியும் அழைக்காதவர்கள் இருந்தார்கள். அழைத்தும் விழுங்காதவர்களும் இருந்தார்கள். பெர்த்தின் பொம்மை போலவே இந்தத் திரையும் எண்ணக்கூடியதை மட்டும் எண்ணியது. வேறுபாடு இதில்தான்: இங்கே எண் ஒரு மனிதரிடம் போய்ச் சேருகிறது, அவர் நோயாளியின் வீட்டுக்குப் போகிறார் அல்லது பேசுகிறார். சம்பளமில்லாத நாளா, குமட்டலா, குடியா, வெட்கமா என்று அவரால் கேட்க முடியும். அந்தப் பணியாளரின் இடத்தை மிஸ்டு காலால் நிரப்பி ஆட்குறைப்புச் செய்ய யாராவது நினைத்தால், கடன் வாங்க இடமில்லாமல் முறையே வற்றிப்போகும். அதே திரையை நோயாளியைக் குற்றம் சாட்டப் பயன்படுத்தினால், சீட் பெல்ட் கிளிப்பை வாங்கியவர்களைப் போல அவர்களும் மாத்திரையைப் பிதுக்கிக் குப்பையில் போட்டுவிட்டு அழைப்பார்கள்.

இந்தத் துறையின் ஆரம்ப நாள்களிலேயே, 1999இல், டேனியல் பெர்டிச்செவ்ஸ்கியும் எரிக் நியூன்ஷ்வாண்டரும் ஒழுக்க நெறிகளை எழுதி வைத்தார்கள். அவற்றில் தலையாயது: தாங்கள் எதற்கு இணங்க ஒப்பமாட்டார்களோ அதற்குப் பிறரை இணங்கவைக்க வடிவமைப்பாளர்கள் முயலக் கூடாது. நல்ல நெறி. ஆனால் நெறியைக் காக்கும்படி கேட்க எவரும் இல்லாத இடத்தில், எண்ணிக்கைதான் பேசியது. தன் பிரைம் சந்தாவிலிருந்து விலகும் பாதையை வேண்டுமென்றே சுற்றிவளைத்ததாக அமேசான்மீது அமெரிக்க வணிக ஆணையம் 2023 ஜூனில் வழக்குத் தொடுத்தது. அந்தப் பாதைக்கு நிறுவனத்துக்குள் வைத்திருந்த பெயர், நீண்ட போரைப் பாடும் கிரேக்கக் காப்பியமான இலியட். 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்கு வழக்கு தீர்ந்தது.

இந்தியாவில் 2023 நவம்பர் 30 அன்று வெளியான வழிகாட்டு விதிகள் இத்தகைய உத்திகளில் 13 வகைகளைத் தடைசெய்தன. இன்னும் இரண்டே இருக்கை பாக்கி என்று பொய்யாக அவசரப்படுத்துவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, மறுப்பவரை வெட்கப்படுத்துவது, சந்தாவிலிருந்து வெளியேற விடாமல் சிக்கவைப்பது எல்லாம் அதில் உண்டு. நச்சரிப்பும் உண்டு. காரில் சட்டம் கட்டாயமாக்கியிருக்கும் நச்சரிப்பைக் கடையில் சட்டம் தடைசெய்கிறது. இதில் முரண்பாடு இல்லை. உத்தி ஒன்றே, காரில் அது பேசுவது மணியைக் கேட்பவருக்காக, கடையில் பேசுவது விற்பவருக்காக. நம் விதிகள் இந்த வேறுபாட்டை உணர்ந்து எழுதப்பட்டிருப்பது எனக்கு நிறைவளிக்கிறது.

ஆனால் அவை பெரும்பாலும் பொத்தான், விலை, கெடு, சந்தா ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. நம்மோடு பேசும் இயந்திரங்கள் வந்துவிட்டன. ஃபாக்கும் கிளிஃபோர்டு நாஸும் 1997இல் வெளியிட்ட ஒரு சோதனையில், கணினியோடு விளையாடியவர்களை அது பாராட்டியது. இந்தப் பாராட்டு உங்கள் ஆட்டத்தைப் பார்த்து வருவதில்லை, பொய்யானது என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்களும், உண்மைப் பாராட்டு என்று நம்பியவர்களைப் போலவே மகிழ்ந்தார்கள், கணினியையும் மெச்சினார்கள். முகஸ்துதி என்று தெரிந்தும் அது வேலை செய்தது. 2025 ஏப்ரலில் ஓபன்ஏஐ தன் ஜிபிடி-4ஓ மாதிரியின் புதுப்பிப்பு ஒன்றைச் சில நாள்களிலேயே திரும்பப் பெற்றது. கேட்பவர் எதைச் சொன்னாலும் அது அளவுமீறிப் புகழ்ந்து ஒத்துப்பாடியது. பயனர்களின் உடனடி எதிர்வினைக்கு அதிக எடை கொடுத்துவிட்டதே காரணம் என்று நிறுவனமே விளக்கியது. பெர்த்தின் பொம்மையிலும் ஸ்டான்ஃபோர்டு வகுப்பிலும் கண்ட அதே பிசகு: கையில் கிடைத்த எண்ணை உயர்த்தப் போய், மனிதரைத் தவறவிட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், பெருந்தீங்கு விளைக்கும் சூழ்ச்சி உத்திகளை 2025 பிப்ரவரி 2 முதல் தடைசெய்திருக்கிறது. தீங்கு நேர்ந்ததை அங்கே நிரூபிப்பது எளிதாக இருக்காது, ஏனென்றால் கலிஃபோர்னியாவாசிகளைப் போல, தன்னை நகர்த்தியது எது என்று பாதிக்கப்பட்டவருக்கே தெரியாது. நிரூபிக்கும் பாரத்தை அவர்மேல் வைக்காமல், எந்த எண்ணை உயர்த்துவதற்காக ஓர் இயந்திரம் பழக்கப்படுத்தப்பட்டது, அந்த எண் உயர்ந்தபோது பயனரின் தூக்கமும் பணமும் நோயும் என்ன ஆயின என்று வெளியிடும்படி நிறுவனத்திடம் கேட்க வேண்டும். புதிய மருந்தை விற்பவரிடம் நாம் கேட்பது அதைத்தான். நம் 13 வகைகளில் அப்படியொரு கேள்வி இன்னும் இடம்பெறவில்லை.